நாற்சந்தியில் மூன்று நொடிகள்

சில ஆண்டுகளுக்கு முன், மகாராஷ்டிரத்தில், நெடுஞ்சாலை நடுவே ஊடறுத்துச் செல்லும் ஒரு சிறு நகரில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஜூலை மாதத்தின் ஒரு முற்பகலில், இறப்புச் சான்றிதழையும் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பெண்மணி கிளைக்கு வந்தார். தனியார் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்த அவருடைய கணவர், ஜூன் மாத நடுவில், வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாற்சந்தியில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்திருந்தார்.

காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையின் நகலும் அவர் கையில் இருந்தது. இறந்தவர் சிவப்பு விளக்கில் முறையாக நின்றிருக்கிறார். பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் புறப்பட்டிருக்கிறார். குறுக்குச் சாலையில், வலப்புறமிருந்து, சிவப்பு விழுந்த பிறகும் நிற்காமல் வந்த சரக்கு டெம்போ அவர்மீது மோதியிருக்கிறது. தலைக்கவசம் அணிந்திருந்தார், ஆனால், பக்கத்தில்தானே போகிறோம் என்று அதன் வாரைப் பூட்டவில்லை. மோதிய வேகத்தில் அது தனியே கழன்று விழுந்துவிட்டது.

கணக்கைத் திறந்து பார்த்தோம். பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டில் அவர் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தார். மே மாத இறுதியில் அதற்குரிய 20 ரூபாயைக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்ய வேண்டிய நாளில், இருப்பு 14 ரூபாய். பிடித்தம் நடைபெறவில்லை, ஜூன் முதல் தேதியன்று காப்பீடும் புதுப்பிக்கப்படவில்லை. அதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி, அவர் எப்போதோ பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட கைப்பேசி எண்ணுக்குச் சென்றிருந்தது.

அந்தப் பெண்மணி நம்மிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: "அவர் பச்சை விளக்கில்தானே போனார்?"

ஆம், பச்சை விளக்கில்தான் போனார். சட்டப்படி அவர்மீது தவறு எதுவும் இல்லை. எதிர் வாகனத்தின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகும் வழியும் அவருடைய குடும்பத்துக்கு இருந்தது. ஆனால், சாலைச் சந்திப்பில் உரிமை நம் பக்கம் இருப்பது வேறு, பாதுகாப்பு நம் பக்கம் இருப்பது வேறு என்பதை அந்தக் கேள்வி நமக்கு உணர்த்தியது. அன்றுமுதல் நாம் இருசக்கர வாகனம் ஓட்டும் முறையையே மாற்றிக்கொண்டோம். அதனை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்ஜின் என்னும் பாதுகாப்பு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவ்வாறு உயிரிழந்தோரில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். நேரான சாலையில் எல்லா வாகனங்களும் பெரும்பாலும் ஒரே திசையில் செல்கின்றன. சந்திப்பிலோ, நான்கு திசைகளில் செல்வோரும் ஒரே இடத்தைச் சில நொடி இடைவெளியில் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே ஒருவர் செய்யும் பிழைக்கு மற்றவர் விலை கொடுக்க நேர்கிறது.

வங்கியில் நகைக் கடன் வழங்கும்போது, நகையின் முழு மதிப்பையும் கடனாகத் தருவதில்லை. விலை இறங்கினாலும் தாங்கும்படி ஒரு பகுதியை மார்ஜினாக ஒதுக்கி வைக்கிறோம். கடன் வாங்குபவர் நாணயமானவர் அல்லர் என்பதற்காக அன்று. எதிர்பாராதது நேரக்கூடும் என்பதற்காகவே. சாலைச் சந்திப்பிலும் இதே விதி பொருந்தும். நமக்குக் கிடைத்த நேரத்தையும் இடத்தையும் முழுவதுமாகச் செலவழித்துவிடாமல், பிறர் தவறு செய்தால் அதைத் தாங்குவதற்கு ஒரு பகுதியை மிச்சம் வைக்க வேண்டும்.

முந்துரிமை என்பது பிறர் நமக்குத் தர வேண்டிய ஒன்று. அவர் தர மறுத்தால், அந்த இடத்திலேயே அதை வசூலிக்க முயல்வது அறிவுடைமை ஆகாது. வாராக்கடனை வசூலிக்கச் சட்டத்தில் வழியும் காலமும் உண்டு. சந்திப்பின் நடுவில் அவ்விரண்டும் இல்லை.

வேகமும் தூரமும்

இந்த மார்ஜினை எவ்வளவு வைப்பது? சிறு கணக்கு ஒன்று இதற்கு விடை தரும். ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து கை பிரேக்கை அழுத்துவதற்குச் சுமார் ஒரு நொடி ஆகும் எனக் கொள்வோம். சாலை உலர்ந்திருக்கிறது, பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது, ஓட்டுபவர் சாதாரணத் திறமை உடையவர் எனவும் கொள்வோம். அப்போது, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி முழுவதும் நிற்பதற்குச் சுமார் 15 மீட்டர் தேவை. 40 கிலோமீட்டர் வேகத்தில் 23 மீட்டர். 50இல் 33 மீட்டர். 60இல் 44 மீட்டர்.

30இலிருந்து 60க்கு வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. நிற்பதற்கு வேண்டிய தூரமோ ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. மழை பெய்திருந்தாலோ, பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தாலோ, டயர் தேய்ந்திருந்தாலோ இத்தூரம் இன்னும் கூடும். சந்திப்பை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரல்களை முன் பிரேக்கின் பிடியிலும் வலக்காலைப் பின் பிரேக்கின் மேலும் தயாராக வைத்துக்கொண்டால், அந்த ஒரு நொடியில் ஒரு பகுதியையும் மிச்சப்படுத்தலாம். ஸ்கூட்டரில் பின் பிரேக்கின் பிடி இடக்கையில் இருப்பதால் இரு கைவிரல்களையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

1. விளக்கு உள்ள சந்திப்பு

பச்சை விழுந்த முதல் மூன்று நொடிகளே இங்கு மிக ஆபத்தானவை. குறுக்குச் சாலையில் வருபவர், தமக்குச் சிவப்பு விழுவதற்குள் கடந்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டியிருப்பார். ஆகவே பச்சையைக் கண்டதும் வண்டியை எடுக்காமல், முதலில் வலப்புறம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கமாகச் செல்வதால், குறுக்குச் சாலையில் நமக்கு அருகிலுள்ள பாதியில் வருபவர் வலப்புறமிருந்தே வருவார். பின்னர் இடப்புறம், மீண்டும் ஒருமுறை வலப்புறம். இதைச் செய்து முடிக்க மூன்று நொடிகள் போதும். பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்துவார், அழுத்தட்டும். சந்திப்பினுள் முதல் ஆளாக நுழைவதைவிட, பக்கத்தில் ஒரு கார் நமக்கு மறைப்பாகச் செல்ல, அதனோடு இணையாகக் கடப்பது நல்லது.

மஞ்சள் விளக்கு விரைந்து கடப்பதற்கான அழைப்பு அன்று, நிற்பதற்கான அறிவிப்பு. நிறுத்தக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டு, பாதுகாப்பாக நிற்க இயலாதவர் மட்டுமே அதில் கடக்கலாம்.

சிவப்பில் நிற்கும்போதும் கவனம் வேண்டும். முன்னே நிற்கும் பேருந்தின் பின்புறத்தை ஒட்டி நேர்ப்பின்னால் நிற்கக் கூடாது. நமக்குப் பின்னால் வருபவர் பிரேக் பிடிக்கத் தவறினால் இரண்டுக்கும் இடையே நாம் நசுங்குவோம். சற்று ஓரமாக, விலகிச் செல்ல இடம் விட்டு, பின்னால் வருவது நிற்கும்வரை முதல் கியரிலேயே, கண்ணாடியைப் பார்த்தபடி நிற்பது முறை.

2. கிளைச் சாலையிலிருந்து வெளிவரும் வாகனம்

"பார்த்தேன், ஆனால் தெரியவில்லை" என்று விபத்துக்குப் பின் கார் ஓட்டியவர் சொல்வதுண்டு. பல நேரங்களில் அது பொய் அன்று. எதிர்வரும் பைக்கின் முகப்பு மிகக் குறுகலானது. காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் ஓரத் தூண், சற்றுத் தொலைவில் வரும் ஒரு பைக்கை முழுவதுமாக மறைத்துவிடும். பார்வைக்குத் தப்பாவிட்டாலும், சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். அது வரும் வேகமும் குறைவாகவே மதிக்கப்படும். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தயாரிக்கப்படும் இருசக்கர வாகனங்களில், எஞ்சின் இயங்கும்போது முகப்பு விளக்கு பகலிலும் தானாகவே எரிவதன் காரணம் இதுதான். அதை அணைக்கத் தனி விசை பொருத்திக்கொள்வோரும் இருக்கின்றனர். அது நம்மை நாமே மறைத்துக்கொள்வதற்குச் சமம்.

கிளைச் சாலையின் வாயிலில் ஒரு வாகனம் நின்றால், ஓட்டுநரின் முகத்தை மட்டும் நம்ப வேண்டா. அவர் நம்மைப் பார்ப்பதுபோல் தோன்றினாலும் பார்க்காமல் இருக்கலாம். அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரத் தொடங்குவதைச் சக்கரத்தின் சுழற்சியே முதலில் காட்டிக்கொடுக்கும். நம் பாதைக்குள்ளேயே, அவர் கண்ணில் படும்படி, அவரிடமிருந்து சற்று விலகிய பக்கத்துக்கு முன்கூட்டியே நகர்ந்துகொள்வதும் பயன்தரும்.

3. வலப்புறம் திரும்புதல்

நாம் செய்யும் திருப்பங்களுள் மிகுந்த பொறுமை தேவைப்படுவது இதுவே. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒருமுறை பின்னால் பார்த்து, அதன் பின்னரே சாலையின் நடுப்பகுதிக்கு நகர வேண்டும். இடது ஓரத்திலிருந்து ஒரே வீச்சில் குறுக்கே திரும்புவது, பின்னால் வருபவரின் பாதையில் நாமே போய் விழுவதாகும்.

நடுவில் காத்திருக்கும்போது முன்சக்கரத்தை நேராக வைத்திருங்கள். அது வலப்புறம் திரும்பியிருக்கையில் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால், எதிர்த்திசை வாகனங்களின் முன் தள்ளப்படுவோம். எதிரே வருபவர் முகப்பு விளக்கை மின்னச் செய்தால், "நீங்கள் போகலாம்" என்று பொருள் கொள்ள வேண்டா. நம் சாலைகளில் அதற்குப் பெரும்பாலும் "நான் நிற்க மாட்டேன்" என்றே பொருள்.

நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில் உள்ள இடைவெளியில் திரும்புவோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். விரைவு வாகனங்கள் செல்லும் வலது ஓரத் தடத்தில் வேகம் குறைத்து நிற்க வேண்டியிருக்கிறது. அருகில் சுரங்கப்பாதையோ மேம்பாலத்தின் அடியில் திரும்புமிடமோ இருந்தால், ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலானாலும் அதையே நாட வேண்டும். "நூறு மீட்டர்தானே" என்று எதிர்த்திசையில் செல்வது, எந்த ஓட்டுநரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து நாம் தோன்றுவதாகும்.

4. இடப்புறம் திரும்பும் பேருந்தும் லாரியும்

நீண்ட வாகனம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள், முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை; உட்புறமாகக் குறுக்கி வருகின்றன. திரும்புவதற்கு இடம் வேண்டி ஓட்டுநர் முதலில் வலப்புறமாக ஒதுங்கும்போது, இடப்பக்கத்தில் ஒரு வழி திறந்ததுபோல் தோன்றும். அதில் நுழையும் இருசக்கர வாகனம், சில நொடிகளில் நடைமேடைக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது. அந்த வாகனத்தின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நாம் தெரியவில்லை. சந்திப்பில் பெரிய வாகனத்தின் பின்னால் நிற்பதே பாதுகாப்பு.

5. ரவுண்டானாவும் விளக்கில்லாச் சந்திப்பும்

சண்டிகர் நகரம் ரவுண்டானாக்களுக்குப் பெயர்பெற்றது. அங்கு ஓட்டிப் பழகியவர்கள் ஒரு விதியை நன்கு அறிவர்: வட்டத்தினுள் ஏற்கெனவே இருப்பவருக்கே முந்துரிமை, நுழைபவர் வலப்புறம் பார்த்து வழிவிட வேண்டும். விளக்கும் காவலரும் இல்லாத சாதாரணச் சந்திப்பிலும் முதன்மைச் சாலையில் செல்வோருக்கு முதலிடம். இரண்டும் சமமான சாலைகளானால் வலப்புறமிருந்து வருபவருக்கு முதலிடம். இவ்விதிகளை அறிந்திருப்பது, நாம் வழிவிடுவதற்காக. மற்றவரும் அறிந்திருப்பார் என்று நம்பி நுழைவதற்காக அன்று.

வட்டத்தில் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். சந்திப்புகளில் மணலும், நிற்கும் வாகனங்களிலிருந்து சொட்டிய எண்ணெயும் சேர்ந்திருக்கும். வெள்ளைக் கோடுகளும் சாக்கடை மூடிகளும் மழையில் வழுக்கும். ஆகவே நிமிர்ந்த நிலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் குறைந்தபட்சம் இரு பிரேக்குகளையும் இணைக்கும் சி.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. இவை பேருதவி புரிபவை. ஆயினும் மணலின் மீது சாய்ந்திருக்கும் வண்டியை இவற்றால் நிமிர்த்த இயலாது.

தலைக்கவசமும் பின்னிருக்கையும்

தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். வாரைப் பூட்டிய பின், இரண்டு விரல்களுக்கு மேல் நுழைய இடம் இருக்கக் கூடாது. பூட்டாத தலைக்கவசம் காவலருக்குக் காட்டவே உதவும். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்வோர், குழந்தைக்குப் பொருத்தமான தலைக்கவசத்தையும் ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையையும் அணிவிக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இவ்விதி 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது.

விபத்தைக் கண்டால்

சாலையில் ஒருவர் விழுந்துகிடப்பதைக் கண்டும், காவல் நிலையத்துக்கு அலைய நேருமோ என்று அஞ்சி ஒதுங்குவோர் பலர். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவரைக் காக்கிறது. தம் பெயரையோ முகவரியையோ தருமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. 112 என்ற எண்ணை அழையுங்கள். மூச்சுத் தடைபட்டால் அன்றி, விழுந்தவரின் தலைக்கவசத்தைக் கழற்ற முயல வேண்டா. கழுத்தில் அடிபட்டிருந்தால் அது கேடாகலாம். 2025ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு, அதற்கென வரையறுக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை பெற வழி உண்டு.

ஆவணங்களில் ஒரு மார்ஜின்

வங்கிப் பணியாளர் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம். கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு, நம்மால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது. வண்டியை ஓட்டிய உரிமையாளரின் உயிருக்கு அது ஈடு தராது. அதற்கெனத் தனியே 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு உள்ளது. விபத்து நேர்ந்த நாளில் ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணம். விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனம் அடைந்தாலோ 2 லட்சம் ரூபாயும், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை. மே மாத இறுதியில் கணக்கில் பணம் இருக்கிறதா, பதிவு செய்த கைப்பேசி எண் இன்றும் பயன்பாட்டில் உள்ளதா, நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். கணக்குப் புத்தகத்துடன் கிளைக்கு ஒருமுறை வந்தால் போதும்.

அந்தப் பெண்மணிக்கு நம்மால் அன்று செய்ய இயன்றது, கணக்கிலிருந்த 14 ரூபாயையும், ஜூன் மாத இறுதியில் பள்ளி வரவு வைத்திருந்த அரை மாதச் சம்பளத்தையும் நியமனதாரர் என்ற முறையில் அவரிடம் ஒப்படைத்தது மட்டுமே. படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டு, தம் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதே 20 ரூபாய்த் திட்டத்தில் தம்மையும் சேர்க்கச் சொன்னார். அவருடைய மகன் அப்போது கல்லூரியில் முதலாண்டு. வீட்டிலிருந்த மற்றொரு ஸ்கூட்டரில்தான் தாயை அழைத்து வந்திருந்தான். அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டோம்.

கிளை வாசலில் அவர்கள் புறப்படும்போது, மகன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். தாய் தம் கையால் அதன் வாரை இழுத்துப் பூட்டிவிட்டு, அதன் பிறகே பின்னால் ஏறி அமர்ந்தார்.